குச்சிக்கிழங்குக்கும் நாடி துடிக்குது

மாசி மாசம் கிழங்கு பிடுங்கின அன்னைக்கு, மதியச் சோத்துக்கு அப்புறம் வேப்பமரத்தடியில ஒரு கூத்து நடந்தது. அப்பத்தான் பிடுங்கின குச்சிக்கிழங்கு ஒண்ணை எடுத்துத் தோல் சீவி, என் கையில இருந்த கடிகாரத்தைக் கழட்டி அதுக்குக் கட்டிவிட்டேன். மரவள்ளின்னு சொன்னா உங்களுக்குச் சட்டுன்னு புரியும். ராசிபுரம் பக்கம் எங்களுக்கு அது குச்சிக்கிழங்குதான். கடிகாரத்துக்கு அடியில பச்சை வெளிச்சம் கொஞ்ச நேரம் மினுக்கு மினுக்குன்னு அடிச்சது. அப்புறம் நம்பர் வந்தது. 81.

கிழங்கு பிடுங்க வந்தவங்க எல்லாம் சுத்தி நின்னு பார்த்தாங்க. "ஏனுங்க, உசுரோட இருக்கறதையா சேகோ மில்லுக்கு ஏத்தி உடறோம்?"னு ஒரு அக்கா கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு திருப்தி. ரெண்டு மாசமா இந்தக் கடிகாரத்து மேல எனக்கு இருந்த சந்தேகத்துக்கு அன்னைக்குத்தான் சாட்சி கிடைச்சதுன்னு நினைச்சேன். அந்தத் திருப்திதான் பின்னாடி எங்க அம்மா விஷயத்துல என் கண்ணை மறைச்சது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கடிகாரம் பொங்கலுக்கு வந்தது. பையன் பெங்களூர்ல வேலை பார்க்கறான். போன வருசம் எங்க ஊர்ல, என்னைவிட ரெண்டு வயசு சின்னவர், காட்டுல மருந்து அடிச்சிட்டு வந்து "நெஞ்சைக் கரிக்குது, வாயு போல இருக்கு"ன்னு சோடா குடிச்சிட்டுத் திண்ணையில படுத்தவர் எந்திரிக்கவே இல்லை. அதைக் கேட்டதுல இருந்து பையனுக்குப் பயம். எனக்கு 54 ஆகுது. "இதைக் கட்டிக்கங்கப்பா, நெஞ்சுத் துடிப்பு எவ்வளவுன்னு காட்டும், என் போன்லயும் தெரியும்"னு கையில மாட்டிவிட்டுட்டுப் போயிட்டான்.

முத வாரம் நல்லாத்தான் இருந்தது. காலையில எந்திரிக்கறதுக்கு முன்னாடி பார்த்தா 60, 61, 62. சும்மா உக்காந்திருந்தா 70. அப்புறம் ஒரு நாள் வரப்பு வெட்டினேன். மம்பட்டியைப் போட்டு அரை மணி நேரம். மூச்சு வாங்குது, சட்டை நனைஞ்சு போச்சு, நெஞ்சு அடிக்கறது காதுல கேக்குது. கடிகாரத்தைப் பார்த்தா 74. திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கிறவனுக்குக் காட்டற நம்பர் அது.

அடுத்த வாரம் இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. கிணத்தடி வாழைக்குள்ள பவர் வீடர் ஓட்டிக்கிட்டு இருந்தேன். பெருசா களைப்பே இல்லை. போன் அடிச்சது. பையன். "அப்பா, மிஷினை நிறுத்துங்க. நிழல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. 168 காட்டுது!" அவன் குரல் நடுங்குது. 220-ல வயசைக் கழிச்சா வர்றதுதான் ஒரு ஆளோட இதயம் உச்சமா அடிக்கிற வேகம்னு அவன் படிச்சிருக்கான். எனக்கு அது 166. ஆக, அவன் கணக்குப்படி நான் செத்துக்கிட்டு இருக்கேன். நான் வாழைமரத்துல சாய்ஞ்சு பீடி பத்தவைக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். (அந்தப் பழக்கத்தை விட்டாச்சு. அது வேற கதை.)

அந்த 220 கணக்கு 1970 வாக்குல அமெரிக்காவுல ரெண்டு பேர் குத்துமதிப்பா சொன்னது. பல பேரோட சராசரி. ஒருத்தருக்கு அதைவிடப் பத்து பன்னண்டு கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். ஆனா அன்னைக்கு என் பிரச்சினை அது இல்லை. நெஞ்சு அவ்வளவு வேகமா அடிக்கவே இல்லைங்கறதுதான். அப்பத்தான் விரலை வச்சு எண்ணிப் பார்க்கலாம்னு தோணுச்சு. மணிக்கட்டுல, கட்டைவிரலுக்குக் கீழ, மூணு விரலை வச்சு 15 செகண்டு எண்ணினேன். 27. நாலால பெருக்கினா 108. கடிகாரம் சொன்னதுக்கும் இதுக்கும் 60 வித்தியாசம்.

மறுநாள் வேணும்னே மம்பட்டியை எடுத்தேன். அரை மணி நேரம் வெட்டி நிறுத்தின அந்த நொடியே எண்ணினேன். 15 செகண்டுக்கு 33. அப்படின்னா 132. கடிகாரம் அப்பவும் எழுபத்திச் சொச்சம்.

இது ஏன் இப்படின்னு பையன்கிட்டக் கேட்டும், தேடிப் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதை எளிமையா சொல்றேன். இந்தக் கடிகாரத்துக்கும் இதயத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. அது பார்க்கறது தோலுக்கு அடியில ஓடற ரத்தத்தை. ரத்தம் சிவப்பு, அதனால பச்சை வெளிச்சத்தை நல்லா உறிஞ்சிக்கும். இதயம் ஒரு தடவை அடிக்கறப்ப மணிக்கட்டுக்கு ரத்தம் கொஞ்சம் கூட வருது, திரும்பி வர்ற வெளிச்சம் குறையுது. அடுத்த துடிப்புக்கு முன்னாடி ரத்தம் வடியுது, வெளிச்சம் கூடுது. இந்த ஏத்த இறக்கத்தை எண்ணித்தான் நம்பர் போடுது.

இந்த வித்தை புதுசும் இல்லை. 1937-லயே அமெரிக்காவுல ஹெர்ட்ஸ்மேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் விரல் நுனியில வெளிச்சம் பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அளந்திருக்கார். கொரோனா சமயத்துல விரல்ல கிளிப் மாதிரி மாட்டினோமே ஆக்சிமீட்டர், அதுவும் இதே வம்சம்தான். அதுல சிவப்பு வெளிச்சமும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சமும். 1970-கள்ல அதுக்கு வழி கண்டுபிடிச்சவர் ஜப்பான்காரர், தகுவோ அவோயாகி. அந்தக் கருவியை உலகமே கையில பிடிச்சுக்கிட்டு இருந்த 2020 ஏப்ரல்ல அவர் காலமானார்.

ஆக்சிமீட்டர் மாட்டினா நம்ம கையை அசைக்காம உக்காந்திருப்போம். கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு நாம உக்காருவமா? துடிப்பால வர்ற ஏத்த இறக்கம் ரொம்பச் சின்னது. கை ஆடினா தோலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவுல இடைவெளி மாறும், நரம்பும் சதையும் அசையும், அதால வர்ற ஏத்த இறக்கம் பெருசு. திருவிழாக் கூட்டத்துல ரேடியோ கேக்கற மாதிரி. எது பாட்டு, எது சத்தம்னு கடிகாரம் ஊகிக்கத்தான் வேணும். ஊகம் தப்பினா சத்தத்தை எண்ணிப் போட்டுடும். துடிப்பே இல்லாத கிழங்குல 81 வந்தது இப்படித்தான். எதாவது ஒரு தாளத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க, அது கண்டுபிடிச்சிருச்சு. எல்லாக் கடிகாரமும் இப்படி ஏமாறாது. சிலது இது தோல் இல்லைன்னு கண்டுபிடிச்சு நம்பரே காட்டாது.

இதுல எங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். ஓடற ஆளுக்குக் கை சும்மா வீசிக்கிட்டு இருக்கும். எங்க வேலை பூராவும் கையிலதான். மம்பட்டிக் காம்பை இறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு நரம்பெல்லாம் விறைக்குது, ரத்தம் வர்றதும் மாறுது. பவர் வீடர் கைப்பிடி அதிருது. பால் கறக்கறது எல்லாத்தைவிட மோசம். விரலை மடக்கி விரிக்கற ஒவ்வொரு இழுப்பும் ஒரு நாடித் துடிப்பு மாதிரியே அதுக்குத் தெரியுது. ஒரு காலையில மாடு கறந்துக்கிட்டே பார்த்தேன், 118. மாடு அமைதியா இருக்கு, நானும் அமைதியா இருக்கேன்.

நடையிலயும் ஒரு ஏமாத்து இருக்கு. வீட்டுல இருந்து கிணத்துக்கு வேகமா நடந்தப்ப 112 காட்டுச்சு. சந்தேகப்பட்டு அடியை எண்ணினேன். அரை நிமிசத்துக்கு 56 அடி. நிமிசத்துக்கு 112! என் நெஞ்சை விட்டுட்டு என் காலை எண்ணியிருக்கு. நின்னு விரல்ல எண்ணினா 88. உங்க நகரத்துப் பார்க்குல காலையில நடக்கறவங்களும் இதை ஒரு தடவை செஞ்சு பாருங்க.

எங்களுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. வெயில்ல கறுத்த தோல் நம்மளது, வெளிச்சம் உள்ள போகுமா? கறுத்த தோல் பச்சை வெளிச்சத்தை அதிகமா உறிஞ்சும்கறது உண்மைதான். ஆனா அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துக்காரங்க பல நிறத்துல 53 பேரை வச்சு சோதிச்சு 2020-ல வெளியிட்ட ஆய்வுல, இதயத் துடிப்பை எண்ணறதுல நிறத்தால பெரிய வித்தியாசம் தெரியலை. வித்தியாசம் வந்தது ரெண்டால. ஒண்ணு, எந்தக் கடிகாரம்கறது. இன்னொண்ணு, அசைவு. சும்மா இருக்கறப்ப வர்ற பிழையைவிட வேலை செய்யறப்ப சராசரியா 30 சதவீதம் கூட.

சரி, என்னதான் பண்றது? நான் பண்ணிப் பார்த்து உருப்படியா இருந்ததைச் சொல்றேன். கடிகாரம் மணிக்கட்டு எலும்பு மேல உக்காரக் கூடாது. அதுக்கு மேல, முழங்கைப் பக்கமா, ரெண்டு விரல் அகலம் தள்ளிக் கட்டணும். அங்க சதை இருக்கும், எலும்பு இடிக்காது. வளையல் மாதிரி லொடலொடன்னு ஆடக் கூடாது. கழட்டினா தடம் ஆழமாப் பதியற அளவுக்கு இறுக்கவும் கூடாது, அப்ப ரத்தமே நின்னுடும். அடிப்பக்கத்து வேர்வையையும் மண்ணையும் தினமும் துடைக்கணும். மார்கழிக் காலையில கை சில்லுன்னு இருக்கறப்பத் தோலுக்கு ரத்தம் குறைவாத்தான் வரும், அப்ப வர்ற நம்பரை நம்பாம கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணிட்டுப் பார்க்கணும். எந்தக் கைக்கு வேலை குறைவோ அதுல கட்டணும். முக்கியமா, வேலை நடுவுல பார்க்கறதே வீண். நிறுத்தி, கையைத் தொடை மேல தளர்வா வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்க்கணும். கடிகாரம் சில நொடிகளைச் சேர்த்துச் சராசரி போடறதால எப்பவும் ஒரு அடி பின்னாடிதான் வரும்.

இப்படியெல்லாம் கட்டிக்கிட்டுத் திருச்செங்கோடு மலைக்குப் படியேறினேன். ஆயிரம் படிக்கு மேல. பாதியில நின்னு, கைப்பிடியைப் பிடிக்காம, மூச்சு விட்டுட்டுப் பார்த்தா 138. விரல்ல எண்ணினது 15 செகண்டுக்கு 34, அதாவது 136. அட, பரவாயில்லையேன்னு இருந்தது. வேலை செஞ்சுக்கிட்டே சரியான நம்பர் வேணும்னா நெஞ்சுல கட்டற பட்டைதான் வழின்னு பையன் சொல்றான். அது வெளிச்சத்தை நம்பாம, ஈசிஜி மாதிரி இதயத்தோட மின்சாரத்தையே பிடிக்குது. 1982-லயே பின்லாந்துல போலார் கம்பெனி அதை விளையாட்டுக்காரங்களுக்காக விற்பனைக்குக் கொண்டு வந்துட்டாங்க. நான் இன்னும் வாங்கலை.

இதுக்குள்ள ஊருக்குள்ள நான் நாடி வைத்தியர் ஆயிட்டேன். டீக்கடையில யாராவது கடிகாரம் கட்டியிருந்தா, "அதை உடுங்க மாப்ளே, விரலை வைங்க"ன்னு கத்துக் கொடுத்தேன். கட்டைவிரலால பார்க்காதீங்க, அதுக்கே ஒரு துடிப்பு இருக்கு, அதையே எண்ணிடுவீங்க. ரொம்ப அழுத்தாதீங்க, துடிப்பு மறைஞ்சிரும். குச்சிக்கிழங்குக் கதையையும் சேர்த்துச் சொல்லுவேன். சிரிப்பாங்க. எனக்குப் பெருமையா இருக்கும்.

பங்குனியில அம்மா, "எனக்கும் அதைக் கட்டிப் பாரேன் கண்ணு"ன்னாங்க. அம்மாவுக்கு 76. கொஞ்ச நாளா நெஞ்சு படபடங்குது, நாலு எட்டு நடந்தா அசருதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "பித்தம், சீரகத் தண்ணி குடிச்சா அடங்கும்"னு அவங்களே வைத்தியமும் சொல்லிக்குவாங்க. கட்டினேன். 68 காட்டுச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு 117. அப்புறம் 84. அப்புறம் 59. கட்டில்ல அசையாமத்தான் உக்காந்திருந்தாங்க.

நான் சிரிச்சேன். அம்மாவோட இடது கையில மணிக்கட்டுல இருந்து மேல வரைக்கும் பச்சை குத்தியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி குத்தின கோலம். பச்சை குத்தின இடத்துல கடிகாரம் தடுமாறும்னு படிச்சிருந்தேன். அது உண்மையும்கூட. தோலுக்குள்ள இருக்கற மை வெளிச்சத்தை மறிச்சிரும். "உங்க பச்சைக்கும் இதோட பச்சைக்கும் ஒத்துவரலை ஆத்தா"ன்னு சொல்லிக் கழட்டிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு வலது கையில கட்டினேன். அதுல பச்சை இல்லை. அப்பவும் 71, 109, 63. "சுருங்கின தோலு, சரியா ஒட்டலை"ன்னு முடிவு பண்ணினேன். காரணத்துக்கா எனக்குப் பஞ்சம்? கிழங்குக்கே துடிப்பு காட்டினதாச்சே அது.

அப்படியே அஞ்சு வாரம் ஓடிப்போச்சு.

மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்டுல இருந்து அரசாங்கம் நடத்தற திட்டத்துல, எங்க ஊருக்கும் ஒரு பொண்ணு வீடு வீடா வந்து பிரஷர், சுகர் பார்க்கும். சித்திரையில அம்மாவுக்குப் பிரஷர் மிஷின் கட்டுச்சு. அதுலயும் நாடி நம்பர் வரும். 94. அதே நேரத்துல இன்னொரு கையில நான் கட்டிவிட்டிருந்த கடிகாரம் 61. "பார்த்தியாம்மா, இது காட்டற லட்சணத்தை"ன்னு நான் குச்சிக்கிழங்குக் கதையை ஆரம்பிச்சேன். அது சிரிக்கலை. மறுபடியும் மிஷினைக் கட்டுச்சு. இந்த வாட்டி 79.

"ஏனுங்கண்ணா, ஊருக்கெல்லாம் விரல்ல எண்ணச் சொல்றீங்களே, அம்மாவுக்கு எண்ணினீங்களா?"

எண்ணலை. அம்பது பேர் கையைப் பிடிச்சிருக்கேன், எங்கம்மா கையைப் பிடிக்கலை.

கட்டில்ல பக்கத்துல உக்காந்து மூணு விரலை வச்சேன். என் நாடி மாதிரி சீரா வரலை. ஒரு துடிப்பு. ஒரு இடைவெளி. அடுத்து ரெண்டு சேர்ந்தாப்ல. அப்புறம் நின்ன மாதிரி ஒரு வெறுமை. அப்புறம் மூணு வேகமா, அதுல ஒண்ணு விரலுக்குத் தட்டுதா இல்லையான்னே தெரியாத மாதிரி. எந்தத் தாளத்துலயும் அடங்கலை. பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்கற கணக்கெல்லாம் இதுக்கு ஆகாது. முழு நிமிசம் எண்ணினேன். 86. கை நடுங்கினது அம்மாவுக்கு இல்லை, எனக்கு.

அன்னைக்குச் சாயங்காலமே நாமக்கல் கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில நர்சம்மா ஒரு காரியம் செஞ்சாங்க. ஒருத்தர் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சு எண்ண, இன்னொருத்தர் அதே நிமிசம் மணிக்கட்டுல எண்ணினாங்க. நெஞ்சுல 104. கையில 88. ரெண்டு பேருமே சரியாத்தான் எண்ணியிருக்காங்க. அப்புறம் ஈசிஜி எடுத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க. இதயத்தோட மேல் அறைகள் ஒழுங்கா சுருங்காம வெறுமனே நடுங்கிக்கிட்டு இருக்கு. அதனால கீழ் அறைகள் கண்டபடி அடிக்குது. ரத்தம் நிறையறதுக்கு முன்னாடியே அடிக்கற துடிப்புகளுக்கு வலு இருக்காது, அது மணிக்கட்டு வரைக்கும் வந்து சேராது. அதனாலதான் நெஞ்சுக்கும் கைக்கும் 16 வித்தியாசம். மேல் அறையில ரத்தம் தேங்கினா கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம்.

பக்கவாதம்னா என்னன்னு எங்க வீட்டுல யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அம்மாவோட தம்பி, எங்க மாமா, ஆறு வருசம் கட்டில்ல கிடந்தார். அவருக்குக் கரண்டியால கூழ் ஊட்டினது அம்மாதான். டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்னப்ப அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அந்த அஞ்சு வாரம் அப்படியே என் கண்ணு முன்னாடி நின்னது.

ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை. இப்ப அசதி குறைஞ்சிருக்கு. கோழிக்குத் தீவனம் போட அவங்களே போறாங்க.

பையன் அப்புறம் ஒரு ஆய்வைப் பத்திச் சொன்னான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆப்பிள் கடிகாரத்தை வச்சு நடத்தி 2019-ல வெளியிட்டது. நாலு லட்சத்து 19 ஆயிரம் பேர். இந்தக் கோணல் துடிப்பைக் கடிகாரத்தோட வெளிச்சத்தாலயே கண்டுபிடிக்க முடியுமான்னு பார்த்திருக்காங்க. 200 பேர்ல ஒருத்தருக்குத்தான் எச்சரிக்கையே போயிருக்கு. அப்படிப் போனவங்கள்ல, பின்னாடி நெஞ்சுல ஒட்டற ஈசிஜி பட்டையை வச்சுப் பார்த்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு உண்மையாவே அந்தக் கோளாறு இருந்திருக்கு. எங்க கடிகாரத்துல அந்த எச்சரிக்கை வசதியெல்லாம் கிடையாது. ஆனா நாலு தடவைக்கு நாலு நம்பர் காட்டுச்சே, அதுவே ஒரு சேதிதான். நான்தான் அதைப் பொய்னு தள்ளிட்டேன்.

யோசிச்சுப் பார்த்தா, என் கணக்கு பாதி சரி, பாதி தப்பு. கை வேலை செய்யறப்ப அது உளறும், உண்மை. ஆனா கை அசையாம, சரியாக் கட்டி, ஓய்வா உக்காந்திருக்கறப்ப அது உளறுச்சுன்னா, உடனே கடிகாரத்தைத் திட்டக் கூடாது. விரலை வச்சு ஒரு முழு நிமிசம் எண்ணணும். எண்ணிக்கை மட்டும் இல்லை, தாளம் சீரா வருதான்னும் பார்க்கணும். சீரா இல்லைன்னா ஈசிஜி எடுத்துப் பார்த்துடணும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நெஞ்சு வலி, தாடை இழுக்குது, இடது கை குடையுது, குப்புனு வேர்க்குதுன்னா கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. மாரடைப்பு வர்றப்பவும் அது 75 காட்டலாம். சோடா குடிச்சுட்டுப் படுக்கவும் வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்க. 2023-ல வந்த இதயம் காப்போம் திட்டத்துல, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. போன வருசம் எங்க ஊர்ல போனவர் நினைப்பு வர்றப்பெல்லாம் இதை யார்கிட்டயாவது சொல்லிடறேன்.

இதைப் படிக்கிற நீங்க பாதிப் பேர் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருப்பீங்க. உங்க கையில ஒரு கடிகாரம் இருக்கும், ஊர்ல அப்பா அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பியிருப்பீங்க. நல்லதுதான். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, பையை இறக்கி வச்சதும், பக்கத்துல உக்காந்து அவங்க மணிக்கட்டுல மூணு விரலை வச்சு ஒரு நிமிசம் எண்ணிட்டு வாங்க.

நான் இப்ப தினமும் காலையில பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்து அம்மாவுக்கு எண்ணறேன். எண்ணி முடிக்கற வரைக்கும் அவங்க பேசாம இருக்கணும். அதுதான் அவங்களுக்குப் பெரிய கஷ்டம். நாப்பதைத் தாண்டறப்ப "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா கண்ணு?"ன்னு கேட்டுருவாங்க. மறுபடியும் ஒண்ணுல இருந்து.